செருப்பில்லாத தீவு

படகிலிருந்து இறங்கியதும் எங்களிடம் முதலில் கேட்டது செருப்பைத்தான். வெள்ளைத் துணிப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக ஒரு பெண் நின்றாள். அந்தத் தீவு விடுதியின் வழக்கம் அது. வந்தவர்கள் காலணியைக் கொடுத்துவிட வேண்டும். கிளம்பும் நாளில் திரும்பக் கிடைக்கும். அதுவரை எல்லோரும் வெறுங்காலோடு மணலில் நடப்பார்கள். மண்ணோடு மண்ணாக வாழ்வது என்று சுவரில் மரப்பலகையில் எழுதியிருப்பதை அக்காவின் மகள் எங்களுக்குப் படித்துக் காட்டினாள்.

அவள் அங்கே வரவேற்பில் வேலை பார்க்கிறாள். வேலை செய்பவர்களின் வீட்டார் ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாள் வந்து தங்கலாம். அப்படித்தான் சிவகாசியிலிருந்து நானும் அக்காவும் போயிருந்தோம்.

நான் என் செருப்பைப் பையில் போட்டேன். அக்கா போடவில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, குடும்மா. பாக்காகல்ல."

"பாத்தா பாக்கட்டும். நான் என்ன களவாண்டா வச்சிருக்கேன்? என் செருப்பு."

மகள் பையோடு நின்ற பெண்ணிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். உடம்புக்கு முடியாதவர் என்று சொல்லியிருப்பாள். அக்கா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அரசி மாதிரி நடந்தாள்.

இருபத்து மூன்று ஆண்டுகளாக அவள் எந்த வாசலிலும் செருப்பை விட்டதில்லை. கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவாள். ஏன் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. தெரியும்.

எங்களுக்குக் கொடுத்த குடிலில் ஆணி தெரியவில்லை. எல்லாம் மரம், கயிறு, ஓலை. சீப்புகூட மூங்கில். வாசலில் கால் கழுவ ஒரு குடம் தண்ணீர், அதில் ஒரு சிரட்டை அகப்பை. கதவைத் திறந்து வைத்தால் ஏசி தானாக நின்றுவிடும். அக்கா கதவைத் திறந்தே வைத்தாள். அதன் எதிரில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"ஏ புள்ள, வாசல்ல தண்ணி, சுத்தி மணலு, இரும்பு கூடாது, செருப்பு கூடாது. அப்படியே நம்ம வெடி ரூமு மாதிரில்ல இருக்கு."

எனக்கும் வந்த நொடியிலிருந்து அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"இங்கன வெடி போட விடமாட்டாக சித்தி," என்றாள் மகள், பேச்சை மாற்ற. "சத்தம் ஆமைக்கு ஆகாதாம்."

"நல்ல ஊரு," என்றாள் அக்கா. "ஆமையாப் பொறந்திருக்கலாம்."

கடல் நீலமாக இல்லை. பச்சை என்றும் சொல்ல முடியவில்லை. கம்பி மத்தாப்பு அணையும்போது ஓரத்தில் ஒரு நிறம் வருமே, அது. நான் அதைப் பார்த்துக்கொண்டே அந்த மதியத்துக்குப் போய்விட்டேன். அங்கே போவதற்கு எனக்குப் படகு வேண்டாம்.

விஸ்வநத்தம் பக்கம் அக்கா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி. ஒரு ரூமுக்கு நான்கு பேர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், நுனி வெளிப்பக்கம் பார்த்தபடி. அன்று காலை வேன் வருவதற்குள் அக்காவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஊக்குக் குத்தினால் இரும்பு என்று கேட்டில் விடமாட்டார்கள். நான்தான் திரி நூலை நான்காக மடித்துக் கட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். மதியம் அக்காவின் ரூம் வெடித்துப் போய்விட்டது.

மற்ற ரூமுகளில் இருந்தவர்கள் வெறுங்காலோடு காட்டுக்குள் ஓடினார்கள். அவர்கள் செருப்பெல்லாம் வாசல் வாசலாகக் கிடந்தன. இல்லாத அந்த ரூமின் முன்னால், தள்ளிப் போய் விழுந்து கிடந்தன நான்கு ஜோடி. உள்ளே நான்கு பேர். யாருடையது என்று போலீஸ்காரர்கள் கேட்டார்கள். நான் முடிச்சைப் பார்த்தேன். "இது எங்க அக்கா செருப்பு," என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் அம்மா தரையில் புரண்டாள். அவளை மடியில் தாங்கிப் பிடித்தவள் வேறொரு தாய். அவள் மகள் பக்கத்து ரூம். அந்த வாசலில் நீல வார் செருப்பு அப்படியே இருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். எல்லோரையும்போல மகளும் ஓடியிருப்பாள், பொழுது சாயத் திரும்பிவிடுவாள் என்றிருந்தாள். "அழாத தாயி," என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்குச் சோடா புகட்டினாள்.

வெயில் தாழ்ந்தபோது அக்கா ரோட்டில் நடந்து வந்தாள். கால் முழுக்க முள். அப்போது அவள் வயிற்றில் இந்த மகள், இரண்டு மாதம். வாந்தி வந்து, செருப்பு மாட்ட நேரமில்லாமல், ரூமுக்குப் பின்னால் வேலியோரம் போயிருக்கிறாள். வெறுங்காலோடு நூல் வாங்க வந்த பக்கத்து ரூம் பெண், இவள் திரும்பி வரும்வரை என்று இவள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அம்மா அந்த மடியிலிருந்து எழுந்து ஓடினாள். நாங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டோம். சிரித்தோம் என்று நினைக்கிறேன். அந்தத் தாய் சோடா பாட்டிலோடு உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"அப்ப உள்ள இருந்தது யாரு?"

அவளிடம் யாரும் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நாரணாபுரத்தில்தான் இருக்கிறாள், இப்போது படுக்கையில். போன தையில் அக்கா அவளைப் பார்க்கக் கிளம்பினாள். வாசல்வரை போனாள். செருப்பைக் கழற்றி விட முடியவில்லை. அந்த வீட்டுக்குள் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு போக எந்த முகம் வரும்? திரும்பி வந்துவிட்டாள்.

இரண்டாம் நாள் காலை. நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது குடில் திறந்து கிடந்தது. அக்கா இல்லை. கடலுக்கு இறங்கும் படியோரம், ஈர மணலில் அவள் செருப்பு. ஜோடியாக. நுனி வெளிப்பக்கம் பார்த்தபடி.

அலை வந்து அதைத் தொட்டுவிட்டுப் போனது.

நான் கத்தவில்லை. கத்தியதாக மகள் சொல்கிறாள். வரவேற்புக்கு ஓடினேன், "அக்கா போயிருச்சு, அக்கா போயிருச்சு," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேர் தண்ணீரில் பாய்ந்தார்கள். ஒருவன் சிறுபடகை அவிழ்த்தான். வெள்ளைக்காரர்கள் இளநீரோடு எழுந்து நின்றார்கள். நான் செருப்பைப் பார்த்தபடியே நின்றேன். வேறெங்கும் பார்க்கத் தோன்றவில்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாரைத் தேடுதீக?"

சலவை அறையில் நம் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் இருவர் வேலை செய்கிறார்களாம். அவர்களோடு உட்கார்ந்து அக்கா துண்டு மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெறுங்காலோடு நின்றாள். மகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தண்ணீரில் இறங்கியவர்கள் நனைந்த சீருடையோடு ஏறி வந்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"செருப்பைத்தான் பாப்பியா நீயி? ஆளைத் தேடவே மாட்டியா?"

அன்று ரோட்டில் நடந்து வந்தபோதே அவள் அதைக் கேட்டிருக்க வேண்டும். இருபத்து மூன்று ஆண்டு தாமதம். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதை எதுக்குக்கா அங்கன விட்ட?"

காலை நீட்டி மணலைத் தள்ளினாள். "அவுக வீட்டுக்குப் போனா வாசல்ல கழத்தித்தான ஆகணும். அதான் பழகிப் பாத்தேன். ஒரு ஆளு இல்லாத எடத்துல."

"முடிஞ்சுதா?"

"துண்டு மடிக்கயில மறந்தே போயிட்டேன். நீ கத்துற சத்தத்துலதான் ஞாபகம் வந்துச்சு."

அன்று மதியம் அவளே போய்ச் செருப்பைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். மூன்றாம் நாள் படகுத்துறையில் எல்லோருடையதையும் பலகையில் வரிசையாக வைத்திருந்தார்கள். நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியாது. பிறகு தலையை நிமிர்த்தி முகங்களையும் எண்ணினேன்.

"ஞாயித்துக்கிழம நாரணாபுரம் போறேன்," என்றாள் அக்கா, வாரை மாட்டிக்கொண்டே. "நீ வாரியா?"

அந்தத் தாய் கேட்டதற்கு அக்கா பதில் சொல்லிவிடுவாள். அவள் உயிரோடு வந்து நிற்பதே பதில்தான். முடிச்சைப் பார்த்து உள்ளே இருந்தது அக்கா என்று எழுத வைத்தவள் நான், எனக்கும் ஒரு பதில் பாக்கி. வருகிறேன் என்றேன். என் செருப்பு பலகையிலேயே இருந்தது. படகுக்காரர் எடுத்துக் கொடுத்தார்.