செல்லியம்மாளின் காது

ஆர்.கே.பேட்டை ரைஸ் மில்லில் தவிடு அள்ளிக்கொண்டிருந்த செல்லியம்மாளுக்கு, அறுபத்தெட்டாம் வருஷம் மாசியில் காதுக்குள் ஒரு சில்வண்டு புகுந்துகொண்டது. வண்டு என்று அவள்தான் நினைத்தாள். உப்புத் தண்ணீர் விட்டாள், வெங்காயச் சாறு பிழிந்தாள். வெளியே எதுவும் வரவில்லை. 'ஙொய்' என்ற சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

மில் ஓடும்போது அந்த இரைச்சலில் அது அமுங்கிப் போகும். வீட்டுக்கு வந்து ஊர் அடங்கினால் போச்சு, பிராணனை வாங்கிவிடும். தூக்கம் கெட்டது. பக்கத்து வீட்டுக்காரி கூப்பிடுவது காதில் விழாது. 'ராங்கி புடிச்சவ' என்று பேர் வாங்கினாள். காய்ச்சல் அடித்தாலும் மில்லுக்கு ஓடுவாள். பாவம், அவளுக்கு அங்கேதான் நிம்மதி.

ஒரு நாள் தாங்க முடியாமல் புருஷன் வரதனிடம் சொல்லி அழுதாள்.

"யாராண்டயும் சொல்லாத செல்லி. பைத்தியம்னு பேர் கட்டிடுவாங்க. நான் இருக்கேன் இல்ல?" என்றான் அவன்.

அடடா, எப்பேர்ப்பட்ட புருஷன் என்று உருகிப்போனாள். வருஷக்கணக்காய் வாயைத் திறக்கவில்லை, பெற்ற தாயிடம்கூட.

அந்த உத்தமனுக்குத்தான் மாமன் மகள் செண்பகத்தின் மேல் கண் விழுந்தது. கிணறும் நிலமுமாக வருகிற பெண். குறுக்கே நின்றவள் செல்லியம்மாள். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினான்.

"இவளுக்கு மூள சரியில்லீங்க. காதுல இன்னாமோ சத்தம் கேக்குதாம். என்னாண்டயே மறைச்சிட்டா, இப்பத்தான் தெரிஞ்சிது. அத்து வுட்டுடுங்க."

நியாயம் பேச வந்த குப்புராஜ் கற்பூரம் ஏற்றினார். "அம்மன் சாட்சியா சொல்லும்மா. சத்தம் கேக்குதா, இல்லியா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் வாழ்க்கை அவளுக்கு. ஆனால் பெரியபாளையத்து அம்மன் பேரில் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வருமா?

"கேக்குதுங்க. யாரும் பேசல, வெறும் சத்தம்தான். அன்னிக்கே இந்தாளாண்ட சொன்னேன். வெளிய சொல்லாதன்னு என் வாய மூடுனதே இவருதான். இவரையும் சத்தியம் பண்ணச் சொல்லுங்க."

அம்மனுக்காவது பயப்படுவான் என்று நம்பினாள். நம்பினாள் பாருங்கள்!

வரதன் எழுந்து வந்தான். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். "அம்மன் சத்தியமா, இவ என்னாண்ட ஒண்ணுமே சொன்னதில்லீங்க."

குப்புராஜ் அவள் பக்கம் திரும்பினார். "கட்டின புருசனாண்டயே மறைச்சியே, தப்புதானம்மா?"

"அடப்பாவி! அடப்பாவி!" என்று செல்லியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். பார்த்தீர்களா என்று கூட்டத்தில் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள். அதையும் பைத்தியத்தின் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள்.