லோரல் வேலிக்கு மொட்டை

போன கிழமை லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கேக் கடைக்குள் நுழைந்ததும் பாதாம் எசென்ஸ் மணம் மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது பிறந்தநாள் மணமாக இருக்கலாம். எனக்கு எண்பத்தெட்டாம் ஆண்டுத் தை மாதக் குளிரில், வால்தம்ஸ்டோவில், நான் வெட்டிச் சாய்த்த வேலியின் மணம். லோரல் என்று ஒரு செடி. இலை பலா இலைபோலத் தடித்துப் பளபளக்கும், பனிக்கும் உதிராது. அதன் கொப்பை முறித்துப் பாருங்கள், அச்சொட்டாக இந்த மணம்தான்.

சந்திரன் அங்கிள் மலேசியாவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராக இங்கேயே தங்கிவிட்டவர். அவர் வீட்டு மாடி அறையில் நானும் சிவாவும் இருந்தோம். பொங்கலுக்குக் கோலாலம்பூர் புறப்படும்போது, முன்வேலியைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொன்னார். கொஞ்சம். யாழ்ப்பாணத்துக் கைக்கு வேலி வெட்டுவதென்றால் கிளுவையை வெட்டுவதுதான்: ஒரேயடியாக மொட்டை, மழை வந்தால் தானாகத் தழைக்கும். போதாததற்கு நான் ஒரு வருடம் தாவரவியல் படித்தவன். அரைகுறைப் படிப்பின் துணிச்சல் முழுப் படிப்புக்கு வராது. ஆளுயர வேலியைக் கைவாளால் முழங்காலளவுக்கு இறக்கிவிட்டு, தேத்தண்ணி குடித்தபடி ரசித்தேன்.

திரும்பி வந்த அங்கிள் டாக்சியிலிருந்து இறங்காமலே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சோபாவும், கைலியோடு அவர் கோப்பி குடிப்பதும் இனி எதிர் பஸ் தரிப்புக்குக் காட்சி.

“கொஞ்சம்னுதானே தம்பி சொன்னேன்?”

ஏப்ரலுக்குள் துளிர்க்கும் என்றேன். துளிர்க்காவிட்டால் வேறு அறை பார்க்கச் சொன்னார். குரோய்டன் குடிவரவுக் கந்தோரிலிருந்து எங்கள் விசாக் கடிதம் அந்த விலாசத்துக்குத்தான் வரவேண்டும். இடம் மாறினால் கடிதம் எங்கே அலையுமோ.

“எங்கட ரூமையும் சேத்தெல்லோ வெட்டிப்போட்டாய்,” என்றான் சிவா.

ஷிப்டுக்குப் போகுமுன் தினமும் ஒரு கட்டையின் பட்டையை நகத்தால் சுரண்டுவேன். உள்ளே பச்சை இருக்கும். நாடி பார்க்கிறாரோ டொக்டர் என்று சிவா ஜன்னலிலிருந்து கேட்பான். மாசி போனது. பங்குனியும் போனது. கட்டைகள் கட்டைகளாகவே நின்றன. மூன்று தெரு தள்ளி ஒரு அறை விசாரித்து வைத்தோம்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழேயிருந்து சிவாவின் குரல்.

“மச்சான், இறங்கி வா. முளைச்சிருக்கு.”

வெறுங்காலோடு ஓடினேன். முதிர்ந்த கட்டைகளைப் பொத்துக்கொண்டு, கிளிமூக்கு மாதிரி இளம்பச்சை முனைகள். எண்ணத் தொடங்கி, எண்ண முடியாமல் விட்டேன். அங்கிள் கைலியோடு வந்து குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

“ஆமா, வந்துடுச்சி. அடுத்த வருசம் நான் வீட்ல இருக்கறப்ப மட்டும் வெட்டுங்க.”

அடுத்த வருசம். அன்று பஸ் தரிப்புக்கு நான் நடந்த நடையைப் பட்டத்து யானை பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும்.

அங்கிள் இன்று இல்லை. வீடு கைமாறி, முன்புறம் கல் பதித்து, இரண்டு கார்கள் நிற்கின்றன. வேலியை எடுக்க ஆட்களால் ஏலாமல் இயந்திரம் கொண்டுவந்தார்களாம். அதுவும் வேரைப் பிடுங்க இரண்டு நாள் திணறியதாம். சிவா தொலைபேசியில் சொன்னபோது, சத்தியமாக, எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.