சின்னமனூர்ப் பருத்திக் கொட்டகைக்கு ஒரு நிறுத்துப் பிடி

இந்த வருஷம் (1893) மாசி மாதத்தில் மதுரையிலிருந்து சின்னமனூருக்குப் போய்வந்தோம். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அல்ல. சின்னமனூர் எல்லையில் நீராவி எஞ்சினால் ஓடும் பருத்தி அரவைக் கொட்டகை ஒன்று இருக்கிறது. போன பருவத்தில் அதற்குள் தீப்பிடித்து, பேச்சி என்ற பெண்ணுக்கு வலக்கை முழங்கை வரை வெந்துபோயிற்று. அதன்பிறகு அங்கே வேலைசெய்த பெண்கள் உள்ளே வர மறுத்துவிட்டார்கள். பருத்தி வந்து குவியும் காலம் நெருங்கியதால், மிஷின்களைச் சட்டென்று நிறுத்த நல்ல ஏற்பாடு ஒன்றைத் தேர்ந்து பொருத்தித் தரும்படி முதலாளி என் அண்ணனைக் கூப்பிட்டிருந்தார். அண்ணன் ஃபிட்டர். இரும்பு அவருக்குத் தெரியும். சென்னை ஏஜெண்டு அனுப்பிய இங்கிலீஷ் விலைப்பட்டியலை வாசிக்க நான் தேவைப்பட்டேன்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகச் சின்னமனூர் ஏறக்குறைய அறுபது மைல். ஒற்றை மாட்டு வண்டிக்குத் தீவனம் சேர்த்து ஏழு ரூபாய். திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். உசிலம்பட்டி தாண்டியதும் கணவாய் ஏற்றம். வண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார்.

“எறங்கி நடங்க ஆத்தா, மாடு பாவம்.”

“மாடு பாவம்னா நீரும் எறங்கும்,” என்றார் அண்ணன்.

“நான் எறங்குனா மாடு யாரு பேச்சக் கேக்கும்? உங்க பேச்சையா?”

நடந்தோம். உச்சியில் திரும்பிப் பார்த்தபோது கிழக்கே எல்லாம் மண் நிறம். மேற்கே மலைகள் நீலமாக எழுந்து நின்றன. ஆண்டிபட்டி வரை மானாவாரிப் பருத்திக் காடுகள். தேனியைக் கடந்து வீரபாண்டிக்கு வந்ததும் காற்றே மாறிவிடுகிறது. முல்லையாற்றில் முழங்கால் தண்ணீர்தான்; ஆனாலும் இரு கரையிலும் பச்சை. மலைமேல் கட்டும் அணைக்குச் சாமான் ஏற்றிப் போகும் வண்டிகள் எங்களை முந்திக்கொண்டே இருந்தன. வியாழக்கிழமை காலை சின்னமனூர் சேர்ந்தோம்.

கொட்டகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஞ்சின் தனி அறையில் இருக்கிறது. அதன் விசையைத் தோல் பெல்ட் ஒன்று சுவரில் உள்ள துளை வழியாகக் கொட்டகைக்குள் கொண்டுவருகிறது. உள்ளே வரிசையாக அரவை மிஷின்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெண். விதை கீழே விழ, பஞ்சு முன்னே வரும். பஞ்சின் நுண்ணிய இழைகள் மட்டும் எங்கேயும் போகாமல் காற்றில் நிற்கின்றன. ஓடாத கொட்டகையிலேயே உத்தரமெல்லாம் வெள்ளைப் பூச்சு. பருத்தியோடு வந்த கல்லோ ஆணியோ உரசி ஒரு பொறி தெறித்தால் போதும். மிஷின்கள் சுழன்றுகொண்டே இருந்தால் அந்தக் காற்றே தீயை விசிறிவிடும்.

விலைப்பட்டியலில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, இரும்புப் பற்கள் இரண்டு கவ்வியும் விலகியும் விசையைத் துண்டிப்பது. பார்க்க அழகு, விலையும் அதிகம். மற்றது, கவட்டைபோல் பிளந்த ஒரு மரக் கவை பெல்ட்டைத் தள்ளி, பக்கத்தில் சும்மா சுற்றும் சக்கரத்துக்கு மாற்றிவிடுவது. இரும்பும் இரும்பும் மோதினால் பொறி வரும் என்பதால் முதல் வகை அன்றே கழிந்தது. இரண்டாவதை, மிஷின்களை நிறுத்த ஏற்கெனவே இருக்கும் இரும்புப் பிடியின் இடத்திலேயே, கொட்டகையின் உட்சுவரில் வைப்பதாக அண்ணன் முடிவு செய்தார்.

நண்பகலில் பேச்சியும் வேறு சில பெண்களும் என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்தார்கள். நான் அவர்களோடு உள்ளே நடந்தேன். பழைய இரும்புப் பிடியின் மேல் நல்லெண்ணெய் பூசி, கறுப்புத் துணி கட்டியிருந்தது. அதன் எதிரே வந்ததும் எல்லாரும் ஒன்றுபோல விலகி, இரண்டு மிஷின்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“ஏன் சுத்திப் போறீங்க?”

“இரும்பு யாருக்கு உரியது? சனீஸ்வரனுக்குல்ல?” என்றாள் பேச்சி. “குச்சனூருல அவரு கோயிலு இங்கனதான இருக்கு. சனிக்கெழம சனிக்கெழம எண்ணெ வைப்போம். வெளக்கு மட்டும் உள்ள வேணாம்னு மொதலாளி சொல்லிட்டாக. அவருக்கு நேரா நின்னு பாக்கப்படாது தங்கச்சி.”

“அன்னைக்குத் தீப் பிடிச்சப்ப?”

அவள் வலக்கையை நீட்டிக் காட்டினாள். “நாந்தான் கிட்டக்க இருந்தேன். பிடிகிட்ட கை போகல. எஞ்சின்காரரக் கூப்புட ஓடுனேன். திரும்பி வந்து பிள்ளைகள இழுத்துப் போட்டப்ப இது வெந்துச்சு.”

பின்னால் வந்து கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் தலையில் கைவைத்தார். “அப்ப நான் எதக் கொண்டாந்து மாட்டுனாலும் அதுக்கும் எண்ணெ வச்சிருவீக!”

“பின்ன? சும்மா விடுவமா?” என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். எங்கள் வீட்டுத் தையல் மிஷினுக்கு மேலே எங்கள் வேதத்துப் புனிதர் சந்தியாகப்பர் படம் மாட்டியிருக்கிறது. ஊசி உடைந்தால் முதலில் அவரைத்தான் பார்ப்போம். எண்ணெய் வைக்காதீர்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வேறொன்று கேட்டேன்: “கயிறா இருந்தா?”

பேச்சி யோசித்தாள். “இரும்பு அவருக்கு. கயிறு எங்க பொழப்பு. கெணத்துல தெனம் இழுக்கோம். ஆனா தீயில கயிறு எரிஞ்சு போனா?”

அந்தக் கேள்விதான் அண்ணனை உட்கார வைத்தது. சாயங்காலம்வரை மண்ணில் குச்சியால் வரைந்துகொண்டே இருந்தார். தச்சரும் கொல்லரும் சேர்ந்து ஐந்து நாளில் முடித்தது இது: மரக் கவையும் சும்மா சுற்றும் சக்கரமும் சுவருக்கு வெளியே. கவையை இழுக்கும்படி ஒரு கனமான கல் தொங்குகிறது. அந்தக் கல்லைத் தாங்குவது, எல்லா மிஷின்களுக்கும் மேலே ஓடும் ஒரு தேங்காய்நார்க் கயிறு. எங்கே நின்று இழுத்தாலும் கயிற்றின் முனை மரத்தில் வெட்டிய காடியிலிருந்து கழன்று கல் விழும். கயிறு எரிந்தாலும் கல் விழும். கல் விழுந்தால் மிஷின் நிற்கும். மீண்டும் ஓட்ட வெளியேதான் போக வேண்டும். மிஷினைத் துடைக்கும் பெண் கவையில் ஒரு மர முளையைச் செருகிப் பூட்டிவிட்டு, சாவியைத் தன் மடியிலேயே வைத்துக்கொள்வாள். பழைய இரும்புப் பிடியைக் கழற்றி, வேப்பமரத்தடியில் நட்டார்கள். அங்கே விளக்கும் ஏற்றலாம்.

கயிறு எந்த உயரத்தில் ஓட வேண்டும் என்பதைக் குட்டையான பெண்ணை நிறுத்திவைத்துப் பெண்களே முடிவு செய்தார்கள்.

வெள்ளோட்டத்தன்று மிஷின்கள் ஓடின. முதலாளி வாசலில் நின்று அண்ணனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று சத்தம் இறங்கி, எல்லாம் நின்றது.

“ஏலே, யாருல நிறுத்துனது? பாதிப் பருத்தி உள்ள கெடக்கு!”

“நாந்தான் மொதலாளி,” என்றாள் பேச்சி, வெந்த கையில் கயிறோடு. “நிக்குதான்னு பாத்தேன். நிக்குது.”

“சொல்லிட்டு நிறுத்தப்படாதா?”

“தீயி சொல்லிட்டா வந்துச்சு?”

கல்லைத் தூக்கி மாட்ட முதலாளியே வெளியே போனார்.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: மாசி நல்ல மாதம்; பங்குனிக்குமேல் ஆண்டிபட்டி வெயில் தாங்காது. கணவாயைக் காலையில் ஏறுங்கள். வீரபாண்டியில் ஆற்று மணலில் சமைத்துச் சாப்பிட நிழல் உண்டு. மேகமலைக்கு ஏற ஆசைப்பட்டோம். வழி சரியில்லை என்று தடுத்துவிட்டார்கள். பஞ்சுக் கொட்டகை வைப்பவர்களுக்கு: விளக்கை வெளியே வைத்து, கண்ணாடி பதித்த ஜன்னல் வழியாக ஒளியை மட்டும் உள்ளே விடுங்கள். நிறுத்துப் பிடியை எங்கே வைப்பது என்று பட்டியலைப் பார்க்கும் முன், அங்கே நிற்கப் போகிறவர்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று ஒரு நாள் பாருங்கள். நான் எவ்வளவோ வாசித்திருக்கிறேன். பயம் எந்தப் பக்கம் விலகி நடக்கும் என்று எதிலும் படித்ததில்லை.

நாங்கள் புறப்பட்ட காலை, பெண்கள் எல்லாரும் உள்ளே போயிருந்தார்கள். வண்டி அரை மைல் வந்தும் கொட்டகையின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. அண்ணன் வண்டியிலிருந்து குதிக்கப் பார்த்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். புகை எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது. பிறகு மறுபடி நின்றது, மறுபடி ஓடியது. ஒருத்தி மாற்றி ஒருத்தி கயிற்றை இழுத்துப் பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. வீரபாண்டிப் பக்கம் வண்டி திரும்பும்வரை எண்ணாமல் கேட்டுக்கொண்டே வந்தோம்.