குப்பை இல்லாத ஊரில் ஒரு குப்பை நாடகம்

மலைப் பள்ளிக்கூட வேலையில் பாடம் நடத்துவது சுலபம். மணி அடித்த பிறகு பேச ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். கைக்குழந்தையோடு வேலைக்குப் போனவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வீர்கள்.

ஜவ்வாது மலைக்கு மாற்றல் வந்தபோது என் பெண்ணுக்கு ஏழு மாதம். வீட்டுக்காரர் பட்டாளத்தில். குழந்தைக்கு ஜுரம் கண்டால் போளூருக்கு ஜீப் கிடைப்பதே அதிர்ஷ்டம். கூப்பிட்ட குரலுக்கு வர ஒருத்திகூடப் பழக்கமில்லை. அதனால்தான், வேண்டாத பொருள்களை வைத்துக் காட்டைக் காக்கும் நாடகம் போடுங்கள் என்று மேலதிகாரிகள் சொன்னதும் தலையாட்டினேன். பார்க்க வருகிற தாய்மாரில் ஒருத்தியாவது பழக்கமாக மாட்டாளா?

வெறுங்கை

கான்வென்ட்டில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை ஒட்டித் தேவதைக்குச் சிறகு செய்தவள் நான். "வீட்ல தூக்கிப் போடற சாமானெல்லாம் நாளைக்குக் கொண்டு வாங்க" என்றேன். மறுநாள் அத்தனை பேரும் வெறுங்கையோடு வந்து நின்றார்கள். உடைந்த பானை கோழிக்குத் தண்ணீர் வைக்க, கிழிந்த சாக்கு மழைக்குத் தலையில் போட, சருகும் சாணமும் எருக்குழிக்கு. தூக்கிப் போட என்ன இருக்கிறது?

ஐந்தாம் வகுப்புச் செல்வி என் வீட்டுக் கொல்லைப்பக்கம் கை காட்டினாள். பால்பவுடர் டப்பா, மருந்து பாட்டில், பழைய பேப்பர். "ஊர்ல குப்ப போடறது நீங்க ஒருத்தர்தாங்க டீச்சர்."

வில்லன்

டப்பாக்களைக் கயிற்றில் கோத்து மரத்துக்கு உடம்பு, பேப்பரைக் கத்தரித்து இலை. செல்விதான் மரம். கோடாலியோடு வரும் மலைக்காரன் வில்லன்.

ஒத்திகையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த செல்வியின் அப்பா பீடியை அணைத்துவிட்டு உள்ளே வந்தார். இனி பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள், தாய்மாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நாங்க அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கறோம். லாரில மரம் மரமா கீழ எறங்குதே, அது இன்னா டீச்சர், சுள்ளியா?"

அழைக்காத வீடு

வில்லனை லாரிக்காரனாக்கினேன். புளி உலுக்கப் போன தாய்மார்கள்கூட வேலையை விட்டு வந்து உட்கார்ந்தார்கள். லாரி வந்தபோது சிரிப்பு. மரம் சாய்ந்து டப்பாக்கள் உருண்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் எழுந்தார்கள், போனார்கள். என் பக்கம் ஒருத்தியும் வரவில்லை.

வெட்கத்தை விட்டுச் செல்வியின் அம்மாவை மறித்தேன். "குழந்தைக்கு முடியலேன்னா உங்களைக் கூப்பிடலாமாங்க?" அவள் என் இடுப்பிலிருந்த பாப்பாவின் கன்னத்தைத் தொட்டாள். "நீங்க ஊருக்கு வந்த அன்னிக்கே பாப்பா அழுவுதேன்னு நாலு பேரு வந்தோம். பொழுது சாயறதுக்குள்ள தாப்பா போட்டுக்கினு, யாரு யாருன்னு பயந்து கத்தறீங்க. நாங்க இன்னா பண்றது, திரும்பிப் போய்ட்டோம்."

காட்டைக் காக்க ஊருக்குச் சொல்லித்தரப் போன நான், இப்போதைக்குத் தாழ்ப்பாளைப் பாதி மட்டும் போடக் கற்றிருக்கிறேன்.