எறும்புக் கோடும் பட்டைக் கோடும்

திண்டுக்கல் வெயிலில் ஸ்வெட்டர் பின்னிய வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். காரணம் குளிர் இல்லை, அம்மாவின் வலது கை.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது அம்மா ஸ்கூட்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. அம்மா டீச்சர், போர்டில் எழுதுகிற கை அது. “கை சரியானதும் வாங்க டீச்சர்” என்று பள்ளிக்கூடத்தில் பதமாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கோ அதைவிடப் பெரிய கஷ்டம். அம்மாவுக்குப் பதில் அப்பா எனக்குத் தலை பின்னினார். நல்ல மனிதர்தான், ஆனால் வைக்கோல் கட்டுகிற மாதிரி கட்டுவார். வகுப்பில் சிரிக்காத ஆள் இல்லை.

விரலுக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். மறுநாளே தம்பி அதைக் கிரிக்கெட் ஆடக் கொண்டுபோய்ச் சாக்கடையில் விட்டான். அம்மா அவனைத் திட்டக்கூட இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, “இனி இம்புட்டுத்தான் போல” என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா டீ போடப் போய்விட்டார்.

அந்த வாரம் அகரத்திலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் அக்கா. வாயும் பெரிசு, மனசும் பெரிசு. கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் கற்ற வித்தையெல்லாம் கைவசம். வந்ததும் வராததுமாக அம்மாவின் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “பந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ பின்னு தாயி, எல்லாம் சரியாயிரும்” என்றாள்.

அடடா, எனக்கு வந்த சந்தோஷம்! உள்ளே ஓடிச் சீப்பும் ரிப்பனும் எடுத்துவந்து, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். அத்தை வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“அடி கூறுகெட்டவளே, ஒந்தலைய இல்லடி!”

பையிலிருந்து இரண்டு நீள ஊசிகளும், சிவப்பிலும் வெள்ளையிலும் உல்லன் நூல்கண்டுகளும் வெளியே வந்தன. எனக்கு அவமானமாகப் போயிற்று. ஆனால் அம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

“வலிக்கிற வரைக்கும் செவப்புல போடு. வலிச்சா நிறுத்திரு. அடுத்த தடவ உக்காரும்போது வெள்ளையில ஆரம்பி” என்று அத்தை சொல்லிக்கொடுத்தாள். எனக்கு அதில் கலர் மட்டும்தான் காதில் விழுந்தது.

முதல் ஸ்வெட்டர் எனக்கு. ஊசி நழுவும், கண்ணி அவிழும், அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போடுவாள். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “என்ன டீச்சர், அக்கினி வெயில்ல ஸ்வெட்டரு?” என்றார். “கொடைக்கானல் போறோம்ல” என்றாள் அம்மா. அப்படி ஒரு பயணம் இருப்பது அப்பாவுக்கே அப்போதுதான் தெரியும்.

என்னுடையது முடிந்து, தம்பியுடையது பாதி வளர்ந்திருந்தது. ஒருநாள் இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தேன். வயிறு எரிந்தது. அவனுடையதில் ஒவ்வொரு கோடும் நல்ல பட்டையாக இருந்தது. என்னுடையதில், அதுவும் கீழ்ப்பக்கம், எறும்பு போன தடம் மாதிரி ஒல்லி ஒல்லியாக இருந்தது.

“அவனுக்கு மட்டும் பட்டைக் கோடு, எனக்கு எறும்புக் கோடா? அவன்தானே ஒனக்குச் செல்லம்!” என்று கத்தினேன்.

அம்மா சமாதானம் சொல்ல வந்தவள், குனிந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். என் ஸ்வெட்டரின் அடியிலிருந்து கோடு கோடாக விரலால் தடவிக்கொண்டே தம்பியுடையது வரைக்கும் போனாள். தினமும் வலித்த இடத்தில் நிறுத்தியவளுக்கு வலி மட்டும்தான் தெரிந்திருக்கிறது. ஒரு தடவை உட்கார்ந்தால் எவ்வளவு ஓடுகிறது என்று அவள் பார்த்ததே இல்லை.

“மதினி, செத்த இங்க வாங்களேன்.” அம்மா கூப்பிட்டாள்.

அன்று மறுபடி வந்திருந்த அத்தை ஓடிவந்து பார்த்தாள். “மாதாவே! நாந்தான் சொன்னேன்ல தாயி!” என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். நான் நியாயம் கேட்டால் இவர்கள் ஏன் அழுகிறார்கள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விஷயம் போனில் அப்பாவுக்குப் போயிற்று. மத்தியானம் அவர் பிரியாணிப் பொட்டலங்களோடு வந்து, லெக் பீஸை என் தட்டில் வைத்தார். சரி, என்னைச் சமாதானப்படுத்தத்தான் இத்தனை ஏற்பாடும் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, தட்டில் வலது கையை வைத்தாள். விழுந்த நாளிலிருந்து இடது கையில் ஸ்பூன் பிடித்தே சாப்பிட்டு வந்தவள், மெல்ல விரல்களை மடக்கி ஒரு வாய் சோறு அள்ளி எனக்கு நீட்டினாள். பாதி என் கவுனில் கொட்டியது.

“ஒழுங்கா ஊட்டும்மா!” என்று சள்ளென்று விழுந்தேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அப்பாவின் கண் நிறைந்திருந்தது, அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிரியாணியில் காரம் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டு, நான் அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தேன்.