மூன்று சொற்களுக்கு அனுமதி

1998 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வானம் மூடிக் கிடந்தது. காற்று பாலாற்றுப் பக்கமிருந்து வீசியதால் ஆம்பூரில் எங்கள் தெரு முழுக்கத் தோல் நாற்றம். தபால்காரர் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். அரசு வானொலி நிலையத்திலிருந்து நான் எழுதி அனுப்பிய ஏழு பக்க உரை திரும்பி வந்திருந்தது. பக்கம் பக்கமாகச் சிவப்பு மையில் வட்டங்கள். நின்றபடியே எண்ணினேன், நாற்பத்தொன்று. உட்கார்ந்து மறுபடி எண்ணினேன். அதே நாற்பத்தொன்று.

கூடவே ஒரு சுற்றறிக்கையின் நகலை வைத்திருந்தார்கள். அரசு ஒலிபரப்பில் அயல்மொழிச் சொற்களைக் குறைக்கப் புது விதி வந்திருக்கிறதாம். ஓர் உரைக்கு மூன்று சொற்கள் மட்டும் அனுமதி. அந்த மூன்றை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். நான்காவது வந்தால் உரை ஒலிபரப்பாகாது. பதிவு ஜூலை 20 திங்கட்கிழமை. ஒலிபரப்பு 23 வியாழன் மாலை ஆறேகால் மணி, தொழிலாளர் நிகழ்ச்சியில்.

நான் தோல் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உரையில் நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். தொழிற்சாலைக் கழிவுநீர் போய்ச் சேரும் மூடிய டேங்குகளில் சேறு படியும். அதை அள்ள ஆட்கள் இறங்குவார்கள். சேற்றைக் கலக்கினால் விஷவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் நாற்றம் தெரியாமல் போகும். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் தப்பு செய்வார்கள். மூடியைத் திறந்து வைத்து, ஓரத்தில் உட்கார்ந்து பீடி பிடித்து, "நாத்தம் போயிடுச்சு" என்று சொல்லி இறங்குவார்கள். நாற்றம் எங்கும் போயிருக்காது. மூக்குதான் செத்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு தொழிற்சாலையில் இப்படி இறங்கிய ஒருவர் விழுந்தார். அவரைத் தூக்கப் போனவரும் எழுந்து வரவில்லை.

இப்போது அவசரம் என்னவென்றால், நான் வேலை செய்த அதே இடத்தில் ஜூலை 24 வெள்ளிக்கிழமை டேங்க் சுத்தம் செய்வதாக இருந்தது. அங்கே வார விடுமுறை வெள்ளி. மற்ற வேலை நிற்கும் நாளில்தான் டேங்க்கைத் திறப்பார்கள். இறங்கப் போவது எங்கள் எதிர் வீட்டு மேஸ்திரியின் ஆட்கள் ஐந்து பேர். எதிர் வீட்டுக்காரரிடம் நேரில் சொன்னால் ஆகாதா என்று கேட்கலாம். மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "சார், நீங்க ரூம்ல உக்காந்து கண்ணாடிக் குழாய ஆட்டினவரு. நாங்க இறங்கினவங்க" என்பார். எண்ணிப் பார்த்ததில் பதினான்கு தடவை இந்தப் பதில். நான் சொன்னால் கிழவன் புலம்பல். ரேடியோ சொன்னால் சர்க்கார் சொன்ன மாதிரி. அதனால்தான் வானொலிக்கு எழுதினேன்.

எனக்கு அந்த விதிமேல் கோபம் இல்லை. செய்தியில் தமிழ் தமிழாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் நாற்பத்தொரு வட்டத்தையும் தமிழாக்கிவிட்டு அந்த ஐந்து பேருக்கும் அது புரிகிறதா என்று பார்க்காமல் பதிவுக்கு ரயில் ஏற எனக்கு மனம் வரவில்லை. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்தால் பத்தொன்பது சொற்கள். பத்தொன்பதையும் மாற்றிச் சுத்தமாக ஒரு படி எழுதினேன். மறுநாள் சாயங்காலம் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். மேஸ்திரியும் ஐந்து பேரும் இருந்தார்கள்.

"கழிவுநீர்த் தொட்டிகளின் அடியில் நச்சு வளி தேங்கியிருக்கும்" என்று ஆரம்பித்தேன். நான்காவது வரியில் ஒருவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், கல்யாணப் பத்திரிகையா?"

மேஸ்திரி, "பேசாம கேளுடா. சார் பெரிய மனுசன்" என்று அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆனா சார், இது வேற யாருக்கோ வந்த தபால் மாதிரிதான் இருக்குது."

"மூணு வார்த்தை மட்டும் வெளியில இருந்து எடுத்துக்கலாம். எந்த மூணு வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அப்படிக் கேட்டதும் அவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. யாரும் அதுவரை அவர்களிடம் அப்படிக் கேட்டதில்லை.

"கேஸு" என்றார் ஒருவர். "நச்சு வளின்னா யாருக்குத் தெரியும்? கேஸுன்னா என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியும்."

அது ஒன்று. தொட்டி என்பதே தமிழ்தானே, அது போதும் என்று நான் நினைத்திருந்தேன். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை.

"தொட்டின்னா சுண்ணாம்புத் தொட்டி சார். அதுல தினம் நின்னுதான் தோல் எடுக்கறோம். அதுல இறங்கினா செத்துடுவேன்னு நீங்க சொன்னா, இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலன்னு ரேடியோவ நிறுத்திடுவாங்க. மூடி போட்டது டேங்க். டேங்க்குன்னே சொல்லுங்க."

முப்பத்தொரு வருடம் அங்கே இருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. இரண்டு சொற்கள் ஆயின. மூன்றாவதற்கு நான் 'மாஸ்க்' என்று எழுதி வைத்திருந்தேன்.

"அத எடுத்துடுங்க" என்றார் மேஸ்திரி. "மாஸ்க்குன்னு ரேடியோல சொன்னீங்கன்னா மேனேஜர் பாய் ஆளுக்கு ஒரு துணி குடுத்து, மூக்குல கட்டிக்கினு இறங்குங்கடான்னுவாரு. துணில கேஸ் நிக்குமா?"

"நிக்காது."

"அப்புறம்?"

"சூப்பர்வைசர்னு போடுங்க சார்" என்றார் கடைசியில் உட்கார்ந்திருந்தவர். "முதல்ல அவர இறங்கச் சொல்லி போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு மேஸ்திரி யோசித்துச் சொன்னார். பள்ளிகொண்டா பக்கம் ஆழக் கிணறு வெட்டுகிறவர்கள் ஒரு காற்று மெஷின் வைத்திருக்கிறார்கள், ப்ளோயர் என்று பெயர். குழாயை உள்ளே விட்டு ஓட்டினால் கிணற்றுக்குள் நல்ல காற்று போகும். அது இருந்தால் மூச்சு முட்டாது என்று கேள்விப்பட்டிருக்கிறார்.

"கேள்விப்பட்டிருந்தும் ஏன்யா கொண்டு வரல?"

"யார் குடுப்பா சார், வாடகைய?"

மூன்றாவது சொல் ப்ளோயர். அன்று இரவு புதிதாக எழுதினேன். என் மனைவி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். படித்துப் பார்த்துவிட்டு, "மூணாம் பக்கத்துல இருக்கறத முதல் வரியில வைங்க. ஜனங்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல கேக்க மாட்டாங்க" என்றாள். அவள் சொன்னது சரி. 'நாற்றம் நின்றுவிட்டால் இறங்காதே, விலகி ஓடு' என்பது முதல் வரிக்கு வந்தது.

திங்கட்கிழமை காலை ரயிலில் வானொலி நிலையத்துக்குப் போனேன். பதிவு பதினொன்றரைக்கு, ஒன்பதே முக்காலுக்கே வரவேற்பில் உட்கார்ந்துவிட்டேன். "ஸ்டுடியோ ஃப்ரீ ஆகல சார், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்றார் வாசலில் இருந்தவர். அவர் பத்து நிமிடத்தில் போனில் பேசியதில் பதினேழு அயல்மொழிச் சொற்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வதற்காக எண்ணி வைத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சி அதிகாரி நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண்மணி. பென்சிலோடு வரி வரியாகப் போனார். 'ஜாஸ்தி' இரண்டு இடத்தில், 'கம்மி' ஓரிடத்தில். அடித்தேன், அதிகம், குறைவு என்று எழுதினேன். எங்கள் ஊரில் அவை இரண்டும் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான். ஆனாலும் அவற்றுக்காக ஓர் உரையை இழக்க நான் தயாராக இல்லை. பென்சில் ஆறாம் பக்கத்தில் நின்றது.

"ஐயா, நாலாவது ஒண்ணு இருக்கே."

"எது?"

"மேஸ்திரி."

"அது தமிழ்மா."

"இல்லைங்கய்யா. போர்ச்சுகீசியர் கொண்டு வந்தது. விதிப்படி பார்த்தா அதுவும் போகணும்."

எதிர் வீட்டில் இருபது வருடமாகக் குடியிருக்கிற ஆளை ஒரே நாளில் போர்ச்சுகல் அனுப்பிவிட்டார்கள். கோபம் வந்தது. சொன்னேன்: "அம்மா, வெள்ளிக்கிழமை அஞ்சு பேர் டேங்க்குல இறங்கப் போறாங்க. அதுக்குள்ள இது ரேடியோல வரணும். நீங்க எத வேணா அடிங்க. இந்த மூணையும் முதல் வரியையும் மட்டும் தொடாதீங்க."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "இதே வெள்ளிக்கிழமையா?"

"ஆமாம்மா."

"விதி நான் போட்டதில்லைங்கய்யா" என்றார் மெதுவாக. "மேஸ்திரிக்குப் பதிலா, ஆட்களைக் கூட்டிப் போகிறவர்னு சொல்லிடுங்க. மத்தது அப்படியே இருக்கட்டும்." பிறகு தானே ஒரு யோசனை சொன்னார். முதல் வரியை நடுவில் ஒரு தடவையும் முடிவில் ஒரு தடவையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். அதற்காக நாற்பது விநாடி கூடக் கொடுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. தடுமாறாமல் படித்தேன். என் குரல் நன்றாகவே இருந்தது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வியாழக்கிழமை மின்சாரம் போய்விடுமோ என்று காலையிலிருந்து கவலை. நான்கு பேட்டரி வாங்கிக்கொண்டு போய் டீக்கடை ரேடியோவில் நானே போட்டேன். மின்சாரம் போகவில்லை. ஆறேகாலுக்கு என் குரல் வந்தது. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் ரேடியோவைப் பார்த்தார்கள். பதினான்கு தடவை நான் நேரில் சொன்ன அதே விஷயத்தைக் கேட்டு மேஸ்திரி தலையை ஆட்டினார்.

வெள்ளி காலை ஏழரைக்கு நானும் போனேன். கூப்பிடாமலேயே போனேன். டேங்க் மூடியைத் திறந்திருந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அரை மணி நேரத்தில் ஒருவர் எழுந்து, "நாத்தம் போயிடுச்சுண்ணா, இறங்கட்டா?" என்றார்.

மேஸ்திரி அவர் தோளைப் பிடித்து இழுத்தார். "நேத்து கேட்ட இல்ல? நாத்தம் போவல, உன் மூக்கு போயிடுச்சு. தள்ளி வாடா."

மேனேஜர் வந்தார். "இன்னா மேஸ்திரி, இன்னும் இறங்கல?"

"ப்ளோயர் வேணும் பாய்."

"மூணு வருசமா சும்மாதானே இறங்கினீங்க. இன்னிக்கு இன்னா பேஜாரு புதுசா?"

"ரேடியோல சொல்லிட்டாங்க பாய்."

"ரேடியோல பேசினது தோ நிக்கிறாரே, இவருதானே?"

"இவருதான். ஆனா ரேடியோல இல்ல பேசினாரு!"

மேனேஜர் என்னைப் பார்த்தார். லெட் அசிடேட்டில் நனைத்து உலர்த்திய வெள்ளைத் தாள்துண்டுகள் ஆறு கொண்டுபோயிருந்தேன்; அந்த விஷவாயு பட்டால் அவை கறுக்கும். ஒன்றை நூலில் கட்டி டேங்க்குக்குள் இறக்கினேன். முப்பது எண்ணி மேலே இழுத்தேன். தாள் கரிக்கட்டை மாதிரி கறுத்திருந்தது. அதை அவர் கையில் கொடுத்தேன். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சரி, இறங்க வேணாம்" என்றார். "ஆனா கான்ட்ராக்ட்ல ப்ளோயர் இல்ல. இன்னிக்கு வேலை முடியலன்னா நாளைக்குக் கம்பெனி ஓடாது. சொன்னவர் நீங்க, நீங்களே கொண்டாந்துடுங்க. கரன்ட் நான் தர்றேன்."

"சரி, வாடகைய நான் தர்றேன் பாய்" என்றேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. மேஸ்திரியும் நானும் டெம்போவில் பள்ளிகொண்டா போய் ப்ளோயரைக் கொண்டுவந்தோம். பதினொன்றேகாலுக்கு ஓட ஆரம்பித்தது. இரண்டாவது தாள் கறுப்பு. மூன்றாவது பழுப்பு. ஒன்றரை மணிக்கு இறக்கிய நான்காவது தாள் வெள்ளையாகவே வந்தது. ஐந்தாவதும் வெள்ளை. அதற்குப் பிறகுதான் இடுப்பில் கயிறு கட்டி, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ப்ளோயரை நிறுத்தவே இல்லை. கால் மணிக்கு ஒரு தரம் ஒவ்வொருவரும் மேலே வந்து மூச்சு வாங்கிப் போனார்கள். நான் குடையை ஊன்றிக்கொண்டு ஓரத்தில் நின்று தலைகளை எண்ணினேன். ஐந்தரைக்கு வேலை முடிந்தது. ஐந்து பேரும் மேலே வந்து குழாயடியில் கால் கழுவினார்கள். மூடியைப் போட்டார்கள்.

அடுத்த வருடம் மேனேஜரே ஒரு ப்ளோயர் வாங்கிப் போட்டார். அது அடுத்த வருடம். அந்த வருடம் ப்ளோயர் வாடகை இருநூற்றைம்பது, டெம்போ நூற்றெண்பது, ரயில் அறுபத்திரண்டு, பேட்டரி முப்பத்திரண்டு, அன்று சாயங்காலம் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்த டீ பதினெட்டு. வானொலி அனுப்பிய சன்மானம் இருநூற்றைம்பதைக் கழித்தால் எனக்கு ஆன செலவு இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய்.