புளி பட்ட பளிங்கு

எங்கள் வீட்டுச் சமையல் மேடையைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்து போன காலம் ஒன்று உண்டு. கோத்தா திங்கியில் நாங்கள் இருந்த தாமான் குடியிருப்பில் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த சின்ன வீடுகள். ஒரு வருடம் ஆற்று வெள்ளம் உள்ளே வந்து போனதில் எல்லார் வீட்டு அடுக்களைப் பலகைகளும் ஊறி உப்பிவிட்டன. மற்றவர்கள் மறுபடியும் பலகையே போட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் செங்கல் வைத்துக் கட்டி, அதன் மேல் ஒன்பது அடி நீளத்துக்கு வெள்ளைப் பளிங்கு. அப்போது நான் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளித் தோழிகளை அழைத்து வந்து காட்டுவேன். கையைக் கழுவிவிட்டு வந்தால்தான் தொட விடுவேன். அவ்வளவு திமிர் எனக்கு.

அம்மா ஊருக்கு வெளியே இருந்த கல் பட்டறையில் வேலை பார்த்தார். பெரிய கற்களை வெட்டுவது ஆண்கள். வெட்டிய கல்லைத் தேய்த்து மெருகேற்றுவது அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும். மூலை உடைந்ததால் யாரும் வாங்காமல் கிடந்த கல் ஒன்றை முதலாளி அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மா அதைப் பட்டறையிலேயே தன் கையால் தேய்த்து மெருகேற்றினார். அப்பா அதை நண்பரின் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார்.

அந்தக் கல்லுக்கு அம்மா செய்த பணிவிடையில் பாதியை எனக்குச் செய்திருந்தால் நான் இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பேன். தினமும் சமையல் முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டுத் துடைப்பார். பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை. கடைசியில் அப்பாவின் பழைய பனியனால் ஈரம் போக ஒற்றி எடுப்பார். மஞ்சள் சிந்திவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு முதலில் அதைத் துடைக்க வேண்டும். சூடான சட்டியை நேராக இறக்கக்கூடாது. எலுமிச்சை, வினிகர், வெளுப்பு மருந்து ஆகிய மூன்றும் பக்கத்திலேயே வரக்கூடாது. மாதம் ஒருமுறை கல்லின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பார்ப்பார். உருண்டு நின்றால் நிம்மதி. உள்ளே இறங்கினால் பட்டறையிலிருந்து ஏதோ ஒரு பூச்சைக் கொண்டுவந்து பூசுவார்.

அம்மாவின் வேலை பிடிக்காதவர் ஒருவர் இருந்தார். அப்பாவின் அக்கா, ஜொகூர் பாருவில் இருந்த என் அத்தை. அந்த வருடம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது போனில் அவர் போட்ட சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. "நம்ம வீட்டுப் பொம்பள கல்லுப் பட்டறையில போயிப் புழுதி தின்னணுமாடா?" தனக்குத் தெரிந்த சேலைக்கடை ஒன்று கோத்தா திங்கியில் கிளை திறப்பதாகவும், அங்கே அம்மாவுக்கு இடம் பேசிவிட்டதாகவும், தீபாவளிக்கு வரும்போது முடிவு சொல்ல வேண்டும் என்றும் சொல்லி வைத்துவிட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். அக்காவிடம் அவருக்கு அதற்கு மேல் வராது.

அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "சேலைக்கடை நல்லாத்தானே இருக்கும்மா?" என்றேன்.

"எனக்குச் சேல விக்கத் தெரியாதுலா," என்றார் அம்மா. "கல்லு தெரியும்."

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். அத்தை வந்து பார்க்கும்போது எங்கள் மேடை கண்ணைப் பறிக்க வேண்டும். பார்த்தவுடன் வாயடைத்துப் போக வேண்டும்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வீட்டில் இருந்த குத்துவிளக்கு, தாம்பாளம், செம்பு எல்லாம் என் பொறுப்புக்கு வந்தன. வெளிக்குழாயடியில் உட்கார்ந்து உப்பும் புளியும் போட்டுத் தேய்த்தேன். கறுத்துக் கிடந்த விளக்கு தங்கம்போல வந்தது. அதைப் பார்த்த கணத்தில்தான் எனக்கு அந்த அற்புதமான யோசனை தோன்றியது. எலுமிச்சை கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார், வினிகர் கூடாது என்று சொல்லியிருந்தார். புளியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அம்மா வேலையிலிருந்து வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மீதிப் புளியை எல்லாம் கரைத்து, மேடையில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை குழம்புபோலப் பூசினேன். நன்றாகப் பிடிக்கட்டும் என்று அரை மணி நேரம் ஊறவும் விட்டேன். கழுவிப் பார்த்தபோது கல்லுக்குக் கண் புரை விழுந்த மாதிரி இருந்தது. பளபளப்பு போன இடம் தெரியவில்லை. உடனே தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்துக் கல் முழுக்கத் தடவினேன். கொஞ்சம் மினுமினுத்தது. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா உள்ளே வந்து பையைக்கூட இறக்கவில்லை. உள்ளங்கையை மேடையில் வைத்தார். ஒரு சாண் தூரம் இழுத்தார். எண்ணெய்க்கு அடியில் இருந்தது அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன போட்ட?"

"புளி."

"எவ்ளோ நேரம் ஊறவச்ச?"

"அர மணி."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அடியே விழுந்திருக்கலாம். கல்லை மட்டும் நான் கெடுக்கவில்லை, அத்தைக்குச் சொல்ல அம்மாவிடம் இருந்த ஒரே பதிலையும் கெடுத்துவிட்டேன் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. அழுகையை அடக்க முடியவில்லை.

பிறகு அம்மா எழுந்தார். முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும் என்றார். சமையல் சோடாவைக் குழைத்து மேடை முழுக்க அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி அப்படியே விட்டார். மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய், தண்ணீர் விட்டுத் தேய்க்கும் கைமெஷினையும் ஒரு கட்டுத் தேய்ப்பு வட்டுகளையும் கேட்டு வாங்கி வந்தார். சோடாவை வழித்தெடுத்தார். ரப்பர் காலணியும் பிளாஸ்டிக் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

சாயங்காலம் வர வேண்டிய அத்தை, பஸ் கூட்டத்துக்குப் பயந்து அப்போதே வந்து நின்றார். இரண்டு கையிலும் முறுக்கு டின்கள். அப்பா பேயடித்தவர்போல நின்றுவிட்டார். அம்மா தலையை மட்டும் அசைத்து, "வாங்க அண்ணி, உக்காருங்க," என்றார். மெஷினை நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் கோடு விழுந்துவிடுமாம். அத்தை பிளாஸ்டிக் நாற்காலியை அடுக்களை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கொடுத்த தேநீர் அவர் கையிலேயே ஆறிப்போனது.

வட்டு மாற மாற, கல்லுக்கு உயிர் வந்தது. முதலில் சொரசொரப்பு போனது. அடுத்ததில் ஜன்னல் வெளிச்சம் மங்கலாக விழுந்தது. அதற்கடுத்ததில் ஜன்னல் கம்பியே தெரிந்தது. அம்மாவின் கை ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அதுவரை நான் அம்மா வேலை செய்து பார்த்ததே இல்லை. வீட்டில் துடைப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். என் அம்மா இப்படிப்பட்டவரா என்று எனக்கு நெஞ்சு விம்மியது. கடைசியில் மெருகேற்றும் வெள்ளைப் பொடியைத் தூவித் துணியால் தேய்த்தபோது அத்தை எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். கல்லில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, கோணியிருந்த பொட்டைச் சரிசெய்துகொண்டார்.

"தண்ணியா ஊத்தித் தேய்க்கிற. புழுதி எங்க?" என்று கேட்டார்.

"தண்ணி ஊத்துனா புழுதி வராது அண்ணி. சேறுதான் வரும்," என்றார் அம்மா.

அத்தை சிரித்துவிட்டார். அன்று மத்தியானமே சேலைக்கடைக்காரருக்குப் போன் போட்டு, என் தம்பி வீட்டுக்காரிக்குக் கைவசம் வேலை இருக்கிறது, வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அதை ஏதோ தானே கண்டுபிடித்ததைப்போலச் சொன்னார்.

எனக்கு மட்டும் ஒரு குறை. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கையகலத்துக்கு அம்மா தேய்க்காமல் விட்டிருந்தார். நேரம் போதவில்லை போலும் என்று நினைத்தேன். ஆனால் தீபாவளி முடிந்து வாரக்கணக்காகியும் அது அப்படியேதான் இருந்தது. வருகிறவர்களின் கையைப் பிடித்து அம்மா முதலில் அந்த மங்கலில் வைப்பார், பிறகு பளபளப்புக்கு இழுப்பார். அவர்கள் ஆச்சரியத்தோடு அம்மாவைப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். நான் செய்த தப்பை ஊருக்கெல்லாம் காட்டித் தண்டிக்கிறார் என்றே நம்பினேன். அதையும் தேய்த்துவிடும்படி எத்தனையோ முறை கெஞ்சினேன். "இருக்கட்டும்," என்பதோடு சரி.

அதற்கு முன்பு வந்தவர்கள் எல்லாரும் கல்லைக் கொடுத்த முதலாளியின் மனசைப் புகழ்ந்தார்கள், சுமந்து வந்த அப்பாவின் தோளைப் புகழ்ந்தார்கள். அதைத் தேய்த்தது யார் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அந்தக் கையகலம் மங்கலாகக் கிடந்த பிறகுதான் எல்லாரும் கேட்டார்கள். அம்மா ஒவ்வொரு முறையும், "நான்தான்," என்று சொன்னார். பக்கத்தில் நின்ற நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.